பாரிசவாதமும் வாழ்க்கைத் துணையும்

பாரிசம் என்னுஞ் சொல்லுக்குப் பக்கம் என்பது பொருள். உடலின் ஒரு பக்கம் செயலிழந்து நிற்கும் நோயை நம் முன்னோர் பாரிசவாதம் என்றனர். பக்கவாதம் என்பதும் அதுவே. வாதநோய்கள் எண்பதென வகுத்த சித்த மருத்துவ நூலோர் இதனையும் அவற்றுள் ஒன்றாக வைத்து எண்ணினர். பெயர் பக்கத்தைச் சுட்டினும் நோயின் இருப்பிடம் கையுமன்று, காலுமன்று, மூளையேயாம். உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கேயான மூளை, உடல் பெறும் பிராணவாயுவில் ஐந்திலொரு பங்கைத் தானொன்றே செலவிடுகிறது. அதற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டாலும், வெடித்துக் கசிந்தாலும், அக்குழாயை நம்பியிருந்த பகுதி சில நிமிடங்களிலேயே மடியத் தொடங்கும். மூளையின் வலப்பாதி உடலின் இடப்பக்கத்தையும், இடப்பாதி வலப்பக்கத்தையும் ஆளுகின்றன. பேச்சுத் தொழில் பெரும்பாலாரிடத்து இடப்பாதியில் அமைந்திருத்தலின், வலக்கை வீழ்ந்தவர்க்கு வாயும் அடைத்துப்போதல் உண்டு. பேச்சுக்கும் மூளையின் ஒரு குறித்த இடத்துக்கும் உள்ள தொடர்பை 1861ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்து வைத்தியர் புரோக்கா என்பார் எடுத்துக்காட்டினார்.

நோயாளர் வைத்தியசாலையை விட்டு வீடு வந்தபின் செய்யத்தக்கது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆகலின் நோய் கண்ட முதற் சில மணி நேரத்தைப்பற்றிச் சுருங்கக் கூறி அமைவேன். முகம் ஒருபுறம் கோணுதல், உயர்த்திய கை தாழ்ந்து விழுதல், நாக் குழறுதல் என்னும் இவற்றுள் ஒன்றைக் கண்ட அக்கணமே 1990 என்னும் எண்ணை அழைத்தால் கட்டணமில்லாத அம்புலன்ஸ் வண்டி வரும். அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தை நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துள் ஏற்றவேண்டும். அதற்கு முன்னர் மூளையைப் படம்பிடித்து, நேர்ந்தது அடைப்போ கசிவோ எனத் தெளியவேண்டும். வாயிற் கஷாயம் ஊற்றுதலும், எண்ணெய் தேய்த்துப் பார்த்தலும், விடியட்டும் என்று காத்திருத்தலும் அந்நாலரை மணி நேரத்தை உண்டுவிடும்.

இனி வீட்டுக்கு வருவோம். பெல்மதுளை, இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குச் செல்லும் பெருவீதியில் உள்ள ஊர். எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் வீதி பிரியுமிடமும் அதுவே. மேட்டில் தேயிலையும் இறப்பரும், பள்ளத்தில் வயலும் மாணிக்கக் குழிகளுமாய் அமைந்த பூமி. இரத்தினபுரியிற் போதனா வைத்தியசாலையும், காவத்தையிலும் பலாங்கொடையிலும் ஆதார வைத்தியசாலைகளும் உள்ளன. அரசினர் வைத்தியமாதலின் கட்டணம் இல்லை. ஆயினும் உயிருக்கு வந்த ஆபத்து நீங்கியதும் நோயாளரை வீட்டுக்கு அனுப்பிவிடுதலே வழக்கம். கட்டிலுக்குக் காத்திருப்போர் பலர். தனிவீடுகள் கட்டப்பட்டு வரினும் தோட்டத்து லயன்கள் இன்னும் மறைந்தொழியவில்லை. ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, அடுப்படி, இவ்வளவே வீடு. மலசலகூடமும் பீலியும் வெளியே. இடையிற் கானும், மண்ணில் வெட்டிய படிகளும், மழைநாளில் வழுக்கும் சரிவும். நேற்றுவரை கவ்வாத்துக் கத்தி பிடித்த கணவனை இருவர் தாங்கிவந்து இங்கே கிடத்துகின்றனர். மறுநாட் காலை பெரட்டுக்குப் போகவேண்டியவள் அவன் மனைவி. தோட்டக் கணக்கில் வேலைக்குப் போன நாள் ஒரு பேர். போகாத நாளுக்குப் பேரில்லை. 2024ஆம் ஆண்டிலே 1350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் பேர் விழுந்த நாளுக்கே உரியது.

ஆகவே அவள்முன் நிற்கும் கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. மாதக்கணக்கில் வேலையை விட்டு, அவன் அருகிருந்து கைகாலை நீட்டி மடக்கிப் பயிற்றினால், இழந்த கை திரும்புமா?

இவ்வினாவை நம் அயல்நாடாகிய இந்தியாவிற் பெருமுயற்சியோடு ஆராய்ந்துள்ளனர். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் வைத்தியர் ஜெயராஜ் துரை பாண்டியன் முதலானோர் 14 வைத்தியசாலைகளிற் சேர்ந்த 1250 நோயாளரை இரு திறத்தாராக்கினர். ஒரு திறத்தார்க்கு வழக்கமான கவனிப்பு. மற்றத் திறத்தார்க்கு அதனுடன், குடும்பத்தவர் ஒருவரைப் பழக்கி அவர் கையால் வீட்டிலே பயிற்சி. 2017இல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதத்தின் பின் இரு திறத்தாரிலும் நூற்றுக்கு 47 பேர் இறந்தோ, அன்றாடக் காரியங்களுக்குப் பிறர் கையை எதிர்பார்த்தோ இருந்தனர். வேற்றுமை இல்லை. இலண்டனிலே 2004இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், பராமரிப்போரைத் தூக்குதல், உண்பித்தல் முதலியவற்றிற் பழக்கியபோது நோயாளரின் மனநிலையும் பராமரிப்போரின் சுமையும் சீர்பட்டன. ஆயினும் 2013இல் பிரித்தானியாவில் 36 வைத்தியப் பிரிவுகளில் அதனையே விரித்துச் செய்து பார்த்தபோது அப்பயன் தோன்றவில்லை.

இதனைக் கேட்டு, மனைவியின் உழைப்பு வீணெனக் கொள்வார் சிலர் இருக்கலாம். யான் அங்ஙனங் கொள்ளேன். இயன்மருத்துவர் பல்லாண்டு கற்றுச் செய்யும் தொழிலைச் சில நாட் பயிற்சியால் இல்லத்தாள் கையில் ஒப்படைத்துவிட இயலாது என்பதே அவ்வாய்வு காட்டும் உண்மை. இதிற் பெரியதோர் ஆறுதலும் உண்டு. கணவன் கை திரும்பாதபோது, “நான் சரியாகப் பார்க்கவில்லை, நேரத்துக்கு எண்ணெய் தேய்க்கவில்லை” என்று தன்னையே நொந்துகொள்ளும் பெண்கள் பலர். அண்டை அயலாரும் அவ்வாறே பேசுவர். கை மீள்வதும் மீளாததும் மூளையில் எவ்விடத்து எவ்வளவு மடிந்தது என்பதைப் பெரிதும் பொறுத்தவை. அது அவள் குற்றமன்று. அவளாலன்றிப் பிறரால் ஆகாத வேலைகளோ வேறு உள. அவற்றுள் தலையாயது, நோய் செய்த கேட்டின்மேல் வீடும் ஒரு கேட்டைச் சேர்க்காமற் காப்பது.

தோளை எடுத்துக்கொள்வோம். தோள்மூட்டின் கிண்ணம் ஆழமற்றது; தசைகளின் இறுக்கமே கையெலும்பை அதிற் பிடித்து வைத்திருக்கிறது. தசை தளர்ந்ததும் கையின் பாரமே மூட்டைக் கீழே இழுக்கும். அந்நிலையில் நோயாளரை எழுப்புவதற்கு நல்லெண்ணத்தோடு அக்குளிற் கைகொடுத்துத் தூக்குவோரும், அந்தக் கையையே பற்றி இழுப்போரும் மூட்டை மேலும் குலைத்துவிடுகின்றனர். சில கிழமைகளில் தோள் வலிக்கத் தொடங்கும். வலிக்கும் கையை நோயாளர் அசைக்க மறுப்பார். அசையாத கை இறுகிப்போம். தூக்கவேண்டின் இடுப்பிற் சுற்றிய அகன்ற துணியையோ, இடுப்பின் பின்புறத்தையோ பிடித்தல் வேண்டும். உட்கார்ந்திருக்கையிற் கையைத் தலையணைமேல் வைத்துத் தாங்கவேண்டும்; சட்டை அணிவிக்கையில் நலிந்த கையை முதலிலும், கழற்றுகையில் அதனைக் கடைசியிலும் எடுக்கவேண்டும். நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் பூசிக்கொள்வதை யான் இகழேன். மெல்லத் தடவுதல் மனத்துக்கு இதம் தரும். சுளுக்கெடுப்பார்போல் வெட்டி இழுத்தலை மட்டும் ஒப்பலாகாது.

அடுத்தது தொண்டை. விழுங்குதல் எளிய செயலெனத் தோன்றினும் பல தசைகள் முறைப்படி ஒத்தியங்கினாலன்றி நிகழாது. பாரிசவாதத்தில் அவ்வொழுங்கு தவறுவதால் உணவு இரைப்பைக்குச் செல்லாது சுவாசப்பைக்குள் இறங்கிச் சீதசன்னியை உண்டாக்கும். கெட்டியான சோற்றைவிடத் தண்ணீரும் வெறுந்தேநீருமே இதில் ஆபத்து மிகுந்தவை. அவை தொண்டையில் விரைந்தோடுவன. பருகியவுடன் இருமலோ, குரலில் நீர் தேங்கினாற்போன்ற ஒலியோ உண்டாயின் அதனை வைத்தியசாலையில் உடனே சொல்லல் வேண்டும். கிடந்தபடி யாதும் ஊட்டலாகாது. நிமிர்ந்து உட்காரச் செய்து, சிறு கவளமாக, ஒன்று இறங்கியபின் மற்றொன்று. உண்டபின் அரைமணி நேரம் உட்கார்ந்திருத்தலும், கன்னத்தின் உள்ளே தங்கிய உணவை விரலாலோ துணியாலோ எடுத்து வாயைத் துப்புரவு செய்தலும் வேண்டும். காய்ந்த ரொட்டியைப் பிய்த்து வாயிலிட்டுத் தேநீரால் இறக்குவது தோட்டத்துப் பழக்கம். தொண்டை தேறும்வரை அதனை ஒதுக்கிவைத்து, குழைந்த சோறும் பருப்பும் கொடுக்கலாம்.

தானே புரளமாட்டாதவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிடுதல், குதிக்காலும் இடுப்பெலும்பும் சிவந்திருக்கின்றனவா எனப் பார்த்தல், நனைந்த துணியை உடனே மாற்றுதல் ஆகியவற்றைப் பெரும்பாலோர் அறிவர். ஆகலின் அவற்றை விரிக்கவில்லை. படியேறுதல்பற்றி ஒரு சொல்: ஏறும்போது வலிய கால் முந்தவேண்டும், இறங்கும்போது நலிந்த கால் முந்தவேண்டும். ஊன்றுகோல் வலிய கையில். துணை வருபவர் நலிந்த பக்கத்தில் நிற்கவேண்டும். லயனிலிருந்து பீலிவரை மூங்கிலாற் கைப்பிடியொன்று கட்டுதல் ஓர் ஞாயிற்றுக்கிழமை வேலை. மலசலகூடத்துக்கு, நடுவில் துளையிட்ட பழைய நாற்காலியொன்று போதும். குந்தியிருக்கும் முறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் நோய் இரண்டாகும்.

கண்ணுக்குப் புலப்படும் குறைகளைவிடப் புலப்படாத குறைகளே இல்லறத்தைக் கசக்கச் செய்கின்றன. மூளையின் வலப்பாதி கெட்டவரிற் சிலர்க்குக் கண் நன்றாயிருந்தும் இடப்புறம் என ஒன்று உண்டென்னும் உணர்வே அற்றுப்போம். தட்டிலே வலப்பாதிச் சோற்றை உண்டுவிட்டு, “எனக்கு ஏன் கறி வைக்கவில்லை?” என்று சினப்பார், கறி இடப்பக்கத்தில் இருக்கும். முகத்தின் ஒரு பாதியை மட்டும் சவரம் செய்துகொள்வார். இதனை அறியாத மனைவி, கணவனுக்குப் புத்தி கெட்டதென்றோ, வேண்டுமென்றே வதைக்கிறானென்றோ எண்ணி மனம் வெதும்புவாள். தட்டைத் திருப்பிவைத்தல் போதுமானது. வேறு சிலர் காரணமின்றி விம்மி அழுவர். அவ்வாறே சிரிக்கவும் செய்வர். சாவு வீட்டிற் சிரித்த கணவனைக் கண்டு வெட்கிய குடும்பங்கள் உண்டு. அழுகையை அடக்கும் மூளைப்பகுதி தளர்ந்தமையால் வருவது அது. உள்ளத்துத் துயரின் அளவன்று. ஆயின் உண்மையான மனச்சோர்வும் நோயாளர் மூவரில் ஒருவரைப் பிடிக்கிறது. உண்ணாமை, உறங்காமை, எதிலும் நாட்டமின்மை என அது தொடருமாயின், விதியென்றோ செய்வினையென்றோ விட்டுவிடாது கிளினிக்கில் வைத்தியரிடம் கூறவேண்டும். அதற்கு மருந்து உண்டு.

வாயடைத்தவரோடு பேசுவதெப்படி? சொல் போயிற்றேயன்றி அறிவு போகவில்லை என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். செவிடரிடம் பேசுவார்போல் உரத்துப் பேசுதலும், அவர் முன்னிலையிலேயே அவரைப்பற்றிப் பிறரிடம் பேசுதலும் அவரை வருத்தும். ஆம், இல்லை எனத் தலையசைத்து விடைகூறத்தக்க கேள்விகளாக, ஒருபோது ஒன்று கேட்கலாம். அவர் ஒரு சொல்லைத் தேடித் தவிக்கையிற் பொறுமையிழந்து நாமே அதனைச் சொல்லிவிடாது சற்றுக் காத்திருத்தல் நலம். ஈண்டு வியக்கத்தக்கதொன்றுண்டு. 1745ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு ஒலோவ் டாலின் என்பார், ‘ஆம்’ என்னும் ஒரு சொல்லையன்றி வேறு பேசமாட்டாத ஒருவன், முன் கற்ற தோத்திரப் பாடல்களைத் தெளிவாகப் பாடியதைக் குறித்து வைத்தார். பாட்டுக்கு மூளையின் வலப்பாதியும் துணைசெய்வதே இதற்குக் காரணமென்பர். 1973இல் அமெரிக்காவிற் போஸ்ரன் நகரத்தார் இதனை அடியாகக்கொண்டு, இசையோடு சொல்லைப் பழக்கும் ஒரு சிகிச்சை முறையை வகுத்தனர். நம் கல்லூரிக் காலைப் பிரார்த்தனையிற் பாடிப் பழகிய பதிகத்தை, ‘தண்ணீர்’ என்று கேட்கமாட்டாத ஒருவர் பாடக்கூடும். மாலையில் விளக்கேற்றியபின் மனைவி முதலடியை எடுத்துக்கொடுத்துப் பார்த்தலால் இழப்பு யாதுமில்லை. பாடினார் என்பதற்காகப் பேச்சு வந்துவிட்டதென்று மயங்குதல் மட்டும் கூடாது.

இனி, இக்கட்டுரையில் யான் மிகுத்துரைக்க விரும்புவது ஒன்று. பணிவிடையில் மிகையும் ஒரு தீங்கு. வலக்கை சற்றே அசையத் தொடங்கிய கணவனுக்கு, சோறு சிந்துமே என்று மனைவி ஊட்டிவிடுகிறாள். அவன் பொத்தானை மாட்டப் பத்து நிமிடம் செல்லும். இவள் பத்து விநாடியில் மாட்டிவிடுகிறாள். நாளடைவில் மூளை அக்கையை மறந்துவிடுகிறது. அமெரிக்க அறிஞர் எட்வர்ட் டாவ்ப் இதனைப் ‘பழகிப்போன பயன்படுத்தாமை’ என விளக்கினார். நல்ல கையை நாளின் பெரும்பகுதி உறையிட்டுக் கட்டிவைத்து, நலிந்த கையாலேயே வேலைசெய்யப் பழக்கும் அவர் முறையை 222 நோயாளரிடத்து ஆராய்ந்து, பயனுண்டென 2006இல் வெளியிட்டனர். மணிக்கட்டும் விரலும் ஓரளவேனும் அசைவோர்க்கே அது பொருந்தும். வீட்டிலே நாமாகக் கையைக் கட்டிவைத்தல் தகாது. ஆயின் அதன் உட்கருத்து எளிது: அவரால் இயல்வதை அவரே செய்யட்டும். கீரை ஆய்தல், வெங்காயம் உரித்தல், துணி மடித்தல் ஆகிய இவை ஆணுக்கு இழிவென்று தோட்டத்து மாமியார் முகஞ்சுளிக்கலாம். விரலுக்கு இவற்றினும் நல்ல பயிற்சி வேறில்லை.

சரித்திரத்திலிருந்து இருவரை ஒப்பிடலாம். விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1868 ஒக்டோபரில், தமது நாற்பத்தைந்தாம் வயதிற் பாரிசவாதத்தால் இடப்பக்கம் வீழ்ந்தார். பிழையார் எனக் கருதி அவருக்கெனக் கட்டிவந்த ஆய்வுக்கூட வேலையையும் நிறுத்தினர் என்பர். ஒரு கிழமைக்குள் அவர் பட்டுப்புழு நோய்பற்றிய குறிப்பொன்றைப் படுக்கையிலிருந்தே வாய்மொழியாக எழுதுவித்தார். சில மாதங்களில் மீண்டும் அவ்வாராய்ச்சிக்கே பிரயாணமானார். அவர் சொல்லச் சொல்ல எழுதிவந்த மனைவி மரீ அம்மையார் அவர் வேலையைப் பறிக்கவில்லை. அதனை அவர் செய்தற்கு வழியமைத்தார். இடக்கையும் இடக்காலும் முற்றும் சீராகாமலே, 1885இல் விசர்நாய்க்கடிக்குரிய தடுப்பு மருந்தை அவர் மனிதனுக்கு முதன்முதல் ஏற்றுவித்தார். அமெரிக்க ஜனாதிபதி வூட்ரோ வில்சன் 1919 ஒக்டோபர் 2ஆம் நாள் அதே நோயால் வீழ்ந்தபோது, அவர் மனைவி ஈடித் அம்மையார் வந்தவரை வாயிலில் நிறுத்தி, எக்காரியம் அவர்முன் செல்லலாம் என்பதைத் தாமே தீர்மானித்தார். நோயின் கடுமை நாட்டுக்கு மறைக்கப்பட்டது. அன்பு இரு பெண்மணிகளிடத்தும் குறைவில்லை. முன்னவர் வாசலைத் திறந்துவைத்தார், பின்னவர் அடைத்துவைத்தார் என்பேன். நம் வீடுகளிலும், “அவருக்கு ஏன் இந்தக் கவலை” என்று பிள்ளையின் கல்யாணப் பேச்சையும் கடன் கணக்கையும் நோயாளருக்கு ஒளிப்பது வழக்கமன்றோ?

ஒருமுறை வீழ்ந்தவர் மறுமுறையும் வீழ்தல் எளிது. அதனைத் தடுப்பதில் மனைவியின் கை வைத்தியர் கையினும் வலிது. இரத்த அழுத்தத்தை மருந்தாற் குறைத்தால் மறுதாக்கு நூற்றுக்கு 28 பங்கு குறையுமெனப் பல தேசத்தார் கூடி ஆராய்ந்து 2001இல் கண்டனர். ஆனால் அழுத்தத்துக்கு வலியில்லை. “இப்பொழுது நன்றாயிருக்கிறதே” என்று மாத்திரையை நிறுத்துவதே மறுதாக்குக்கு வாயில். இரத்தினபுரி மாவட்டத்திலே மருந்து உறைமேற் குறிப்பு பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். எழுத்தறியாதார் வீட்டிற் காலை மாத்திரை உறையிற் சூரியனும், இரவு மாத்திரை உறையிற் பிறையும் வரைந்துகொள்ளலாம். மூளையிற் கசிவு நேர்ந்தவர்க்கும் அடைப்பு நேர்ந்தவர்க்கும் மருந்து வேறு. அடுத்த லயனில் ஒருவர் உண்ணும் அஸ்பிரினை வாங்கி உண்பித்தல் கேடு. கருவாடும் உப்புச் சம்பலும் குறையவேண்டும். சாராயமும், சுருட்டும், வெற்றிலையோடு சேரும் புகையிலையும் ஒழியவேண்டும். குடும்பம் முழுவதும் ஒரே சட்டியில் உப்பைக் குறைத்தாலன்றி இது நடவாது.

பராமரிக்கும் அவளுடைய உடம்பைப்பற்றி எவரும் கேட்பதில்லை. அவளுக்கும் வயது ஐம்பதைக் கடந்திருக்கும். அவளுக்கும் அழுத்தமோ நீரிழிவோ இருக்கும். கணவனைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்ற அதே நாளில் தன் கையையும் நீட்டி அழுத்தம் பார்த்துக்கொள்ளல் வேண்டும். இரவிற் புரட்டிவிடும் வேலையை மகனும் பங்கிடவேண்டும். நோயுற்றவள் மனைவியாயின் பணிவிடை பெரும்பாலும் மகள்மேல் விழுந்து, அவள் படிப்பு நிற்கிறது. வாழ்க்கைத் துணை என்னும் சொல் மனைவியை மட்டும் குறிப்பதன்று; கணவன் சமைக்கவும் கழுவவும் கற்றுக்கொள்ளட்டும். வேலையைப் பொறுத்தமட்டில் என் கருத்து இது: முதற் சில கிழமைகள் அருகிருத்தல் இன்றியமையாதது. அதன்பின், அவர் தாமே உட்காரவும், சிந்தாமற் பருகவும் வல்லவரானபோது, அரைப்பேருக்கேனும் அவள் மலைக்குப் போகலாம். போகும் நேரத்தில் அயல்வீட்டு முதியவர் ஒருவர் இஸ்தோப்பிலிருந்து பார்த்துக்கொண்டால் அச்சமில்லை. வருவாய் அற்ற வீட்டில் பஸ் கட்டணத்துக்கு வழியின்றிக் கிளினிக் தவறும். கிளினிக் தவறினால் மாத்திரை தவறும்.

நேர்த்திக்கடன்பற்றியும் சொல்லவேண்டும். சிவனொளிபாத மலைப் பருவம் டிசம்பர்ப் பூரணையில் தொடங்கி வெசாக் பூரணையோடு முடியும். பெல்மதுளை விகாரையிலிருந்து பெரகராவொன்று அப்பருவத்துக்கெனப் புறப்படுவதை இவ்வூரார் அறிவர். “அவர் எழுந்து நடந்தால் அவரையே மலைக்குக் கூட்டிவருவேன்” என்று வேண்டிக்கொள்வோர் உளர். பல்லாயிரம் படிகள், நள்ளிரவுக் குளிர், நெரிசல் ஆகியவை நலிந்த காலுக்கு உரியன அல்ல. வேண்டுதலைக் குடும்பத்தில் ஒருவர் நிறைவேற்றினாற் போதும். ஓரிரவு நோயாளரோடு மகனோ தம்பியோ இருந்துகொண்டால், அந்த மலைக்கு மனைவியே போய்வரலாம்.